டாலிகஞ்சில் ஒரு மைக் டியூட்டி

“அக்கா, இவருக்கு மைக் டியூட்டி வந்துருக்கு” என்று சுமதி ஃபோனில் சொன்னபோது, துக்கச் செய்தி சொல்கிற குரலில்தான் சொன்னாள். சுமதி என் தம்பி முரளியின் மனைவி. கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். அவர்கள் இருப்பது டாலிகஞ்சில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. துர்கா பூஜைக்கு அங்கே பந்தல் போட்டு ஐந்து நாள் அமர்க்களப்படுத்துவார்கள். பந்தல் மைக்கில் அறிவிப்புச் செய்ய வீட்டுக்கு ஒருவர் என்று முறை உண்டு. அந்த வருஷம் அஷ்டமி காலை, கூட்டம் நெரிகிற நேரம், என் தம்பியின் தலையில் விழுந்திருந்தது.

“முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதானே?”

“முடியாதுன்னு சொல்றதுக்கும் வாயத் தொறக்கணுமே அக்கா. பேசாம தலைய ஆட்டிட்டு வந்துட்டாரு.”

முரளிக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். உதடு ஒட்டுகிற எழுத்துகள் அவனுக்கு அறவே ஆகாது. பெயரே அப்படி ஒன்றில்தான் தொடங்குகிறது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனுக்கும் சேர்த்துப் பேசியது நான்தான். மளிகைக் கடையில், ஆஸ்பத்திரியில், வேலையில் சேர்ந்த முதல் நாள் அவன் ஆபீசில்கூட. எனக்கு வாய் நீளம் என்று உறவுக்காரர்கள் சொல்வார்கள். இரண்டு பேர் வாய் ஒரே முகத்தில் இருந்தால் நீளமாகத்தான் இருக்கும்.

“வரேன்” என்று சொல்லிவிட்டேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாது. என் வங்காளிப் பேச்சு இரண்டு சொல்லோடு தீர்ந்துவிடும். திருச்சியிலிருந்து ஒரு கிலோ காப்பித்தூளும் ஒரு பை முறுக்கும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சஷ்டியன்று சாயங்காலம் போய்ச் சேர்ந்தேன். ஊர் முழுக்க விளக்குக் கட்டியிருந்தார்கள். மஞ்சள் டாக்ஸி நகரவே இல்லை, ஆனால் யாருக்கும் அவசரமும் இல்லை. விளக்கில் செய்த மயில் ஒன்று தோகையை விரித்து விரித்து மடக்கியது. மூன்று முறை தூங்கி விழித்தேன், மயில் அதே ஜன்னலில் இருந்தது. எங்கிருந்தோ முரசுச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்துகொண்டிருந்தது. டாக்ஸிக்காரர் திரும்பி, இது டாக் என்கிற பெரிய மேளம், ஐந்து நாளும் ஓயாது, காதுக்குப் பழகிவிட்டால் அதுவே தாலாட்டு என்று ஹிந்தியில் சொன்னார்.

கதவைத் திறந்த முரளி சிரித்தான். பெட்டியை வாங்கிக்கொண்டான். “எப்படிடா இருக்கே?” என்றேன். தலையை ஆட்டினான். அவ்வளவுதான். முன்பெல்லாம் இப்படி இல்லை. அதைச் சொல்வதற்குப் பன்னிரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் தமிழ்நாட்டில் பேசுகிறார்களா பாடுகிறார்களா என்று புரியாத பாட்டுகள் கிளம்பியிருந்தன. ராப் என்றார்கள். காலேஜ் விழா, கோயில் திருவிழாக் கச்சேரி, பல்பொடி விளம்பரம் என்று எங்கே பார்த்தாலும் ஒருத்தன் தொப்பியைப் பின்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு மூச்சு விடாமல் அடுக்கினான். எங்கள் டவுன் பஸ் கண்டக்டர் ஸ்டாப்பிங் பேர்களையே ராப்பில்தான் சொல்லுவார். எனக்கு எரிச்சலாக இருக்கும். அந்த வருஷத்து மார்கழிக்கு முன்னால்தான் முரளிக்குப் பெண் பார்க்கக் கல்கத்தா வந்தோம். அதற்கு முன் நாலு இடம் பார்த்து, நாலும் அவன் வாயைத் திறந்ததோடு முடிந்திருந்தது.

சுமதியின் அப்பாவுக்கு ரயில்வே தலைமை அலுவலகத்தில் வேலை. கார்டன் ரீச்சில் குவார்ட்டர்ஸ். பூர்வீகம் தஞ்சாவூர்ப் பக்கம். நதிப் பக்கத்திலிருந்து கப்பல் சங்கு ஊதும்போதெல்லாம் வீட்டு ஜன்னல் கம்பி லேசாக அதிரும். கேசரியும் பஜ்ஜியும் வந்தன. நான் முரளியைப் பேசவே விடவில்லை. அவனைக் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதில் சொன்னேன். வழக்கமாகக் கேட்கிற கேள்வியையும் கேட்டேன்.

“பொண்ணு பாடுவாளா?”

சுமதியின் அம்மா முகம் சுண்டிவிட்டது. பெண் நிமிர்ந்து பார்த்தாள். “எனக்குத் தமிழ் அவ்ளோ பாலோ, நல்லா, வராது. வங்காளிப் பாட்டு வரும். தமிழ்ல ஒண்ணே ஒண்ணுதான் முழுசா தெரியும். பாடவா?” என்றாள்.

சரி என்றேன். தேவாரமோ கீர்த்தனையோ என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் பஜ்ஜித் தட்டில் விரலால் தட்டி, அந்த வருஷம் எல்லா டீக்கடையிலும் அலறிய சினிமா ராப்பை எடுத்துவிட்டாள். மெட்ராஸிலிருந்து வந்த உறவுக்காரப் பெண் கொடுத்த கேசட்டைக் கேட்டுக் கேட்டு, வங்காளி எழுத்தில் எழுதிவைத்துப் பாடம் பண்ணியதாம். நின்று நின்று வந்த அவள் தமிழ், அதில் மட்டும் அருவியாகக் கொட்டியது. அவள் அப்பா காப்பி டம்ளரை உயர்த்தியபடி அப்படியே இருந்தார்.

பாதியில் மூச்சு முட்டி நிறுத்தினாள். அடுத்த வரியை யாரோ எடுத்தார்கள். யாரென்று நான் வாசல் பக்கம் பார்த்தேன். முரளி. என் தம்பி, நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டு, ஒரு எழுத்துகூடச் சிக்காமல் கடைசி வரைக்கும் சொல்லி முடித்தான். குளியலறையில் வாளியைத் தட்டிப் பழகினேன் என்று பிற்பாடுதான் சொன்னான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பஜ்ஜி மிளகாயின் காரம் என்று சமாளித்தேன்.

கல்யாணம் நடந்தது. முரளி மாற்றல் கேட்டு வாங்கி, அலிப்பூரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்கு வந்தான். ராப்புக்கு மவுசு இருந்தவரை அவனுக்கு ராஜபாட்டைதான். ஆபீசில் லீவு கேட்பதும் ராப்பில், கடையில் கத்தரிக்காய் பேரம் பேசுவதும் ராப்பில். ‘ராப்தா’, அதாவது ராப் அண்ணன், என்றே கூப்பிட்டார்களாம். பேச்சு வராததால் அப்படிப் பேசுகிறான் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஸ்டைல் என்று நினைத்தார்கள். வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுவதுகூடத் தாளத்தோடுதான். உப்பு கம்மி, புளி ஜாஸ்தி என்று அவன் தொடங்கினால், நீயே சமை என்று அவள் முடிப்பாள்.

அப்புறம் காற்று மாறியது. மெலடி திரும்பி வந்தது. டி.வி.யில் காமெடிக்காரர்கள் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ராப்பைக் கிண்டல் செய்தார்கள். எங்கள் ஊரில் அந்தக் கேசட்டுகளின் நாடாவை உருவி வயலில் காக்காய் விரட்டக் கட்டினார்கள். கல்கத்தாத் தமிழர்களுக்கு எல்லாமே ஊரிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர் பெட்டியில் வர வேண்டும் என்பதால், அங்கே ராப் கொஞ்ச காலம் கூடுதலாக உயிரோடு இருந்தது. பிறகு அங்கேயும் ஓய்ந்தது. புதிதாக வந்த மேலதிகாரி “இது ஆபீசா, சர்க்கஸா?” என்று கேட்டார். முரளி ஆபீசில் வாயை மூடிக்கொண்டான்.

வீட்டில் ஏன் மூடினான் என்பதை மகள் மிட்டுவிடமிருந்து தெரிந்துகொண்டேன். நிஜப் பெயர் மைதிலி. பத்து வயது முடிந்திருந்தது. என்னை அத்தை என்று கூப்பிட அவளுக்குப் பாதி நாள் ஞாபகம் வராது, வங்காளியில் ‘பிஷி’ என்பாள். அப்பா எப்போதும் ‘பாபா’தான். வந்த அன்றைக்குப் பால்கனியில் முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

“என் பர்த்டேக்கு ஃப்ரெண்ட்ஸ் வந்தாங்க பிஷி. பாபா அவங்ககிட்ட ராப்ல பேசினாரு. எல்லாம் ஹாசி. சிரிச்சாங்க. ‘உன் பாபா ஏன் பழைய கேசட் மாதிரி பேசறாரு’ன்னு கேட்டாங்க. எனக்கு லஜ்ஜையா போச்சு.”

“அப்புறம்?”

“என் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி அப்டி பேசாதன்னு சொன்னேன். சரின்னாரு.” கொஞ்ச நேரம் முறுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நான் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி மட்டும்தான் சொன்னேன். அவரு எல்லார் முன்னாடியும் நிறுத்திட்டாரு.”

குழந்தை சொன்னதில் தப்பில்லை. அவனிடம் வேறு பேச்சு கைவசம் இல்லை என்று அதற்கு எப்படித் தெரியும்? அஷ்டமியன்று அத்தனை பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவன் விழித்து நின்றால், அதற்கப்புறம் ஜென்மத்துக்கும் வாய் திறக்கமாட்டான். இதுதான் சுமதியின் பயம். என் பயமும் அதுதான்.

சப்தமியன்று காலையில் முதல் வேலையாகப் பூஜைக் கமிட்டிச் செயலாளரைப் பார்க்கப் போனேன். தபன்தா என்று எல்லாரும் கூப்பிடுகிற அவர் பந்தல் ஓரம் நாற்காலி போட்டு மண் குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று தந்தார். ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து, தம்பிக்கு உடம்பு சரியில்லை, முறையை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன்.

அவர் குவளையைக் கீழே வைத்தார். “முரளி பாபு வந்து முடியாதுன்னு சொல்லட்டும் தீதி, உடனே மாத்திடறேன். அவருக்காக நீங்க சொன்னா எப்படி?”

எனக்குச் சுருக்கென்றது. அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. டீ மட்டும் நன்றாக இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டில் சுமதியின் சாம்பார். வங்காளிகள் கருஞ்சீரகம், சோம்பு எல்லாம் சேர்த்துத் தாளிக்கிற ஐந்து சாமான் கலவையில் தாளித்திருந்தாள். முதல் வாய் சாம்பாராகவும் இரண்டாவது வாய் வேறு எதுவாகவோ இருந்தது. மூலையில் மூன்று படிக் கொலு. தஞ்சாவூர்ச் செட்டியாருக்கும் செட்டிச்சிக்கும் நடுவில் சிங்கத்தின் மேல் ஒரு குட்டி துர்கா. ஊரில் யாராவது பார்த்தால் முகவாயில் கை வைப்பார்கள். எனக்கு அந்த வீட்டுக்கு அது பொருத்தமாகத்தான் பட்டது.

சாயங்காலம் முரளி, மிட்டு, நான் மூன்று பேரும் பக்கத்துத் தெருவில் தயிர் வாங்கப் போனோம். பானையில் இனிப்புத் தயிரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒரு தப்பு செய்தேன். கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று இரண்டு மூங்கில் தடுப்புகளுக்கு நடுவே நுழைந்துவிட்டேன். பூஜை நாளில் மூங்கிலுக்குள் நுழைந்தால் திரும்பி வர முடியாது என்பது எனக்குத் தெரியாது. அது சாமி பார்க்கும் வரிசை. பின்னால் ஜனம் ஆறு மாதிரி வந்து சேர்ந்தது. கால் தரையில் பட்டதா என்றே நினைவில்லை. வளைந்து வளைந்து போய் ஒரு கண்ணாடி மாளிகை மாதிரிப் பந்தலுக்குள் அம்மன் முகத்தை ஒரு நொடி பார்த்தோம். மறுபக்கம் வெளியே விட்டபோது அது வேறு பேட்டை. எந்தத் தெரு என்று முரளிக்கே தெரியவில்லை. மாநகராட்சிப் பள்ளம் ஒன்றில் என் செருப்பு ஒன்றும் போயிற்று.

ஒற்றைச் செருப்போடு, எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், விளக்குத் தோரணங்களுக்குக் கீழே நடந்தோம். பவழமல்லி வாசனை வந்தது. அதைத் தாண்டி ஒரு பந்தலில் ஸ்பீக்கர் அதிர்ந்தது. பத்துப் பதினைந்து பையன்களும் பெண்களும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பேசுகிறார்களா பாடுகிறார்களா என்று புரியாத பாட்டு. வங்காளியில்.

“இது இப்ப ரொம்ப ஹிட் பிஷி” என்றாள் மிட்டு. “வங்காளி ராப். எங்க க்ளாஸ்ல எல்லாருக்கும் தெரியும். மலேசியாவுலேந்து தமிழ் ராப்கூட வருது. கார்டன் ரீச்ல ஒரு அண்ணாவோட அப்பா கப்பல்ல வேலை, அவரு சி.டி. கொண்டாந்தாரு.”

போன சாமான் எப்படியோ சுற்றி வளைத்துத் திரும்பி வந்துவிட்டது. வேறு பாஷை, வேறு சட்டை. நான் முரளியைப் பார்த்தேன். அவன் உதடு சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. மிட்டுவும் பார்த்தாள். தயிர்ப் பானையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு ஷேர் ஆட்டோ கிடைத்து மெட்ரோ ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து வழி புரிந்தது. தயிர் பாதி சிந்தியிருந்தது. மீதிப் பாதி தேவாமிர்தம்.

அஷ்டமி. விடிந்ததிலிருந்து குடியிருப்பே புதுப் புடவையும் குர்த்தாவுமாக இறங்கி வந்தது. அன்று காலை விரதமிருந்து, கையில் பூவை வைத்துக்கொண்டு அர்ச்சகர் சொல்லும் மந்திரத்தைத் திருப்பிச் சொல்லிச் சாமிக்குப் போடுவார்கள். கூட்டம் அதிகம் என்பதால் பிளாக் பிளாக்காகக் கூப்பிட வேண்டும். யார் முன்னால், பூவை எங்கே போடுவது, பிரசாதக் கிச்சடி எங்கே என்று எல்லாம் மைக்கில் சொல்பவர் கையில்தான் இருக்கிறது.

முரளி வேட்டி கட்டிக்கொண்டு மேடை ஓரம் போய் நின்றான். தபன்தா மைக்கைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். முரளி வாயருகே கொண்டுபோனான். ஒரு ‘ஹூம்’ மட்டும் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. அப்புறம் மூச்சு. அப்புறம் ஒன்றும் இல்லை. டாக் அடிப்பவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அந்த ஊரில் அந்த ஐந்து நாளில் சத்தமே இல்லாத ஒரு நேரம் உண்டென்றால் அதுதான். பூ வைத்த கைகள் காத்திருந்தன. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

நான் எழுந்துவிட்டேன். எந்தப் பாஷையில் என்ன சொல்லியிருப்பேனோ, கடவுளுக்கே வெளிச்சம். சுமதி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அப்போதுதான் டிங் என்று ஒரு சத்தம். டாக்கோடு சேர்த்துத் தாளத்துக்கு அடிக்கிற வெண்கலத் தட்டு ஒன்று மேளத்தின் மேல் சும்மா கிடந்தது. அதை எடுத்துக் குச்சியால் அடித்துக்கொண்டிருந்தாள் மிட்டு. தோழிகளோடு பின்னால் ஒளிந்து நின்றவள் எப்போது முன்னால் வந்தாள் என்று தெரியவில்லை. முகமெல்லாம் சிவந்திருந்தது. தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. டிங், டிங், டிக்-டிங்.

முரளி மகளைப் பார்த்தான். நாலு அடி கேட்டுவிட்டுத் தொடங்கினான். வங்காளியில்தான் சொன்னான். சுமதி காதில் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

“ஏ பிளாக் முன்னால, பி பிளாக் பின்னால,
செருப்பெல்லாம் ஓரத்துல, சிரிப்பெல்லாம் முகத்துல,
பூவைக் கூடையில போடு, எறியாத மேல,
கிச்சடி வெந்துருச்சு, வரிசையா வா கீழ,
மஞ்சச் சட்டைக் குட்டிப் பையன் அழறானே ஓரத்துல,
யாரு வீட்டுப் பிள்ளைன்னு வந்து பாரு நேரத்துல!”

இளவட்டங்கள் விசிலடித்தன. முன்வரிசை மாமி ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள். அர்ச்சகர், என்னை மந்திரம் சொல்ல விடுவீர்களா மாட்டீர்களா என்று கையால் கேட்டார். மஞ்சள் சட்டைப் பையனின் அம்மா பூவோடு ஓடினாள்.

கடைசியில் அறிவிப்பவர் தன் பெயரையும் வீட்டையும் சொல்ல வேண்டும், அது வழக்கம். அந்த இடத்தில் அவன் சிக்கினான். “மு… மு… மு…” தட்டு நிற்கவில்லை. மிட்டு அந்த மூன்று ‘மு’வுக்கும் மூன்று டிங் வைத்தாள். “மு-மு-மு-முரளி, பி பிளாக், மூணாவது மாடி!” பந்தல் முழுக்க அதைத் திருப்பிச் சொன்னது. மு-மு-மு-முரளி. எல்லாருக்கும் அது ஸ்டைல். அது ஸ்டைல் இல்லை என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பெண்களும் அவனும்தான். நான் வெட்கமில்லாமல் அழுதேன். இந்த முறை பஜ்ஜியும் இல்லை.

நவமியன்று முரளி என்னைக் கார்டன் ரீச் பக்கம் அழைத்துப் போனான். அவன் மாமனார் ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டார். பழைய குவார்ட்டர்ஸில் வேறு யாரோ சட்டை காயப் போட்டிருந்தார்கள். படகுத்துறையில் உட்கார்ந்தோம். நதி பழுப்பாக, அவசரமில்லாமல், அரைத் தூக்கத்தில் போகிற மாதிரி போயிற்று. எங்கள் காவிரியில் சில வருஷம் தண்ணீர் இருந்தாலே விசேஷம். இங்கே கப்பலே போகிறது.

“நல்ல வேளைடா, மறுபடியும் ராப் வந்துருச்சு. இனிமே உனக்குக் கவலையில்ல” என்றேன்.

அவன் சிரித்தான். தாளம் போடவில்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து இழுத்துச் சொன்னான். “இ-இன்னும் ரெண்டு வ-வருஷம் தாங்கும் அக்கா. அ-அப்புறம் இதுவும் போ… போ…”

“போயிடும்” என்றேன் நான். வாய் பழகிவிட்டது. அவன் நதிப் பக்கம் திரும்பிக்கொண்டான். கப்பல் சங்கு ஊதியது.

தசமியன்று அம்மனை நதியில் கரைக்க லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் நான் கிளம்பிவிட்டேன். தெரு அடைத்துவிட்டால் டாக்ஸி கிடைக்காது என்று சுமதி விரட்டினாள். பழைய செருப்புக்குப் பதில் அவள் செருப்பு, காப்பித்தூள் பையில் சந்தேஷ் இனிப்பு டப்பா. கேட்டருகே டாக்ஸிக்காரர் எஞ்சினை ஓட விட்டிருந்தார். வாட்ச்மேனும் மாடி வீட்டு வங்காளி மாமியும் மிட்டுவின் தோழிகள் இரண்டு பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முரளி ஜன்னலில் குனிந்தான். “ம… ம… ம…”

மறுபடி வா என்று சொல்லப் போகிறான். எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருஷமாக அவன் சொல்லப் போவது எனக்கு முன்கூட்டியே தெரியும். என் வாய் திறந்துவிட்டது.

“பிஷி, இரு” என்றாள் மிட்டு. “பாபா சொல்லிட்டிருக்காரு.”

வாயை மூடினேன். தட்டு இல்லை, தாளம் இல்லை. அவன் உதடு ஒட்டிக்கொண்டு நின்றது. மிட்டுவின் தோழிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவள் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்ஸிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் கை வைத்துக் காத்திருந்தார்.

“ம-மறுபடி வா அக்கா” என்றான் முரளி.

வருகிறேன் என்று சொன்னேன்.